நிறம் தப்பிய மோதிரம்

மஷாத் நகரில், தர்காவுக்குப் போகும் வழியில் என் கடை.
கதவு ஒன்று, பொய்கள் நாற்பது.
ஃபிரூஸா அணிந்த கை வறுமை காணாது என்பேன்.
குதிரையிலிருந்து விழுந்தால்
எலும்புக்குப் பதில் கல் உடையும் என்பேன்.
குதிரை இல்லாதவர்களிடம்
மோட்டார் சைக்கிளுக்கும் அதுவே பொருந்தும் என்பேன்.
பிறையைப் பார்த்த கண்ணால் உடனே கல்லைப் பார்த்தால்
அந்த மாதம் கடன்காரன் வரமாட்டான்.
இதைச் சொல்லும்போது மட்டும் குரல் தணியும்.
என் கடன்காரனுக்குப் பக்கத்துக் கடை.

பனி பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை மஹ்லகா வந்தாள்.
கைக்குட்டை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள்.
மூன்று வருடம் முன்பு நான் விற்ற மோதிரம்.
நிஷாபூர்ச் சுரங்கத்துக் கல், அது பொய்யில்லை.
அன்று மழை விட்ட மதியத்து வானம் போல இருந்தது.
இன்று தொட்டிக்குள் படர்ந்த பாசி.

"வீட்டுக்காரருடையது. தூங்குகிறார், கழற்றி எடுத்து வந்தேன்.
உடம்பில் நோவு இருந்தால் கல் வெளிறுமாமே?
மனசு வேறு பக்கம் போனால் பச்சையாகுமாமே?"

இதற்கென்றே ஒரு பதில் வைத்திருக்கிறேன்:
அவருக்கு வந்த கண்ணேறைக் கல் வாங்கிக்கொண்டது,
புதிதாக ஒன்று கட்டுங்கள்.
அன்று ஏனோ, பல்வலியாகவும் இருக்கலாம்,
உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அம்மா, கண்ணுக்குத் தெரியாத துளை உள்ள கல் இது.
எண்ணெயைக் குடிக்கும், சோப்பைக் குடிக்கும்.
தினமும் வெந்நீரில் பாத்திரம் தேய்க்கிற கை.
வேறொன்றும் இல்லை."

ஆறுதல் சொல்லிவிட்ட நிம்மதியில்
கற்கண்டை வாயில் போட்டுத் தேநீரை உறிஞ்சினேன்.

அவள் என்னையே பார்த்தாள்.
"அவர் லாரி ஓட்டுகிறார்.
இங்கிருந்து பந்தர் அப்பாஸ், அங்கிருந்து இங்கே.
பத்தொன்பது வருடத்தில்
ஒரு டம்ளர் கழுவியதில்லை எங்கள் வீட்டில்."

இன்னொரு வீடு. இன்னொரு அடுப்பங்கரை.
இன்னொருத்தி சிரித்துக்கொண்டே துவட்ட
நுரைக்குள் முழங்கைவரை இவன்.
அவள் நினைத்ததைத்தான் நானும் நினைத்தேன்.
கற்கண்டு கரையவில்லை.
மோதிரத்தைத் திரும்ப முடிந்துகொண்டு போனாள்.

இருபது நாள் கழித்து வந்தாள். உட்காரவில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கபாப் கடை.
புறவாசல் ஜன்னலில் ஆவி படிந்திருந்ததாம்.
துடைத்துப் பார்த்தாளாம், போகவில்லை,
ஆவி உள்பக்கம்.
யாரோ கதவைத் திறந்து எச்சில் தட்டுகளை இறக்கும்போது
அவன் முதுகு தெரிந்ததாம்.
லாரி கைவிட்டுப் போய் எட்டு மாதம்.
பந்தர் அப்பாஸ் போகிறேன் என்ற ஒவ்வொரு முறையும்
மாடியில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே படுக்கை.

"வரும்போதெல்லாம் பேரீச்சம்பழம் கொண்டுவருவார்,
பந்தர் பழம் என்று.
இந்தத் தெருவிலேயே வாங்கியிருக்கிறார்."

பிறகு, கோபமில்லாமல்:
"விழுந்தால் கல் உடையும் என்றீர்களே.
விழுந்துதான் கிடக்கிறார். கல்லுக்கு ஒரு கீறல் இல்லை."

நாற்பதில் ஒன்றுகூட உதவவில்லை எனக்கு.

மோதிரத்தைத் தராசின்மேல் வைத்தாள்.
"இதே அளவில் நீலமாக ஒன்று பதித்துக் கொடுங்கள்.
எழுந்திருப்பதற்குள் விரலில் இருக்கவேண்டும்.
கல் தெளிந்தால் காலம் தெளியும் என்று நம்புகிறவர்."

"மறுபடி பச்சையாகுமே."

"மறுபடி வருவேன்."

அரைவிலை சொன்னேன். கால்விலைக்குக் கேட்டாள்.
தேநீர் ஆறும்வரை பேரம்.
அவளே ஜெயித்தாள்,
சில்லறையையும் விடாமல் எண்ணி வாங்கிக்கொண்டு
பனியில் இறங்கி ஓடினாள்.

பழைய கல்லை அவள் கேட்கவில்லை.
மேஜை விளக்கடியில் கிடக்கிறது.
அடுத்த பிறையன்று கூரைமேல் ஏறி
முதலில் நிலாவைப் பார்த்தேன், பிறகு அதை,
யாரும் பார்க்கிறார்களா என்றும் பார்த்தேன்.

மறுநாள் கடை திறக்குமுன்பே
கடன்காரன் வந்து நின்றான்.